விரலை முகர்ந்து பார்ப்பவர்

மிஸ் யாரையும் நம்பமாட்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிலர் உயரமாக இருப்பார்கள், சிலருக்குச் சுருட்டை முடி இருக்கும், மிஸ்ஸுக்கு இது இருந்தது.

கொழும்பில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில், நடைபாதை முடிகிற இடத்தில் அவருடைய அறை. கையில் வெட்டுப்பட்டு, விரலை மடக்கும் தசைநாண் அறுந்து, அதைச் சத்திரசிகிச்சை செய்து தைத்துக்கொண்டவர்களை வைத்தியர்கள் அங்கே அனுப்புவார்கள். காலையில் வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். மிஸ் வந்து, குடையை மூலையில் சாத்திவிட்டு, ஒவ்வொருவராக நெருங்கிக் குனிந்து எங்கள் விரல் நுனிகளை முகர்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் குட் மோர்னிங்.

காரணம் இருந்தது. தைத்த நாண் ஒட்டுகிறவரை அந்த விரலை நாமாக மடக்கக்கூடாது. மடக்கினால் தையல் அறுந்துவிடும். திரும்ப வெட்டித் தைக்கவேண்டும். இரண்டாம் முறை தைத்தது முதல் முறை போல வராது. இதற்காக மிஸ் எங்கள் கையின் மேற்புறத்தில், முழங்கைக்குச் சற்றுக் கீழிருந்து விரல் நுனிவரை ஒரு கூரை போடுவார். வெந்நீரில் போட்டால் துவளுகிற பிளாஸ்டிக் தகடு அது. சூடாக இருக்கும்போதே கையில் வைத்து அழுத்திப் பிடித்திருப்பார்; ஆறியதும் இறுகிவிடும். ஆஸ்பத்திரியில் அதை ஸ்பிளின்ட் என்றார்கள். அதைப் போட்டால் மணிக்கட்டும் விரல்களும் உட்பக்கம் வளைந்தபடி, யாரிடமோ ஏதோ கேட்டு வாங்கப்போவது போல எந்நேரமும் இருக்கும்.

வெட்டுப்பட்ட விரல்களின் நகத்தில் சட்டைக்குத் தைக்கிற கொக்கி ஒன்றைப் பசையால் ஒட்டுவார். கொக்கியில் மீன் தூண்டிலுக்குக் கட்டுகிற தங்கூசி நூல். நூலின் மறுமுனையில் ரப்பர் பாண்ட். ரப்பர் பாண்டை மணிக்கட்டுப் பட்டியில் ஒரு சேப்டி பின்னால் குத்திவிடுவார். விரலைக் கூரைவரை நாம் நிமிர்த்தலாம். திரும்பக் கீழே இழுப்பது ரப்பரின் வேலை, நாம் அதில் தலையிடக்கூடாது. ஒன்றரை மாதம் ரப்பரை அதன் வேலையைச் செய்யவிட்டுவிட்டு இருக்கவேண்டும். வைத்தியம் அவ்வளவுதான்.

ஆனால் யாராலும் முடியவில்லை. பாரம் தூக்கமாட்டார்கள், உடுப்புத் தோய்க்கமாட்டார்கள். சோற்றைக் கண்டால் மட்டும் பட்டியை அவிழ்த்து, கூரையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பிசைந்து உருட்டிச் சாப்பிடுவார்கள். சாப்பிடுவதும் கைக்கு ஒரு வேலை என்று எங்கள் ஆட்களில் எவருக்கும் தோன்றுவதில்லை.

துறைமுகத்தில் வேலை செய்த ஓர் அண்ணன் ஒருநாள் சத்தியம் செய்தார்.

“கரண்டியாலதான் மிஸ் சாப்பிடுறன். அதுவும் இடது கையால.”

மிஸ் குனிந்தார். “நெத்தலி” என்றார்.

“பொஞ்சாதி ஊட்டிவிட்டவ மிஸ்.”

“அவ ஊட்டினா அவவின்ர விரல்தானே மணக்கவேணும். உன்ர ஏன் மணக்குது?”

அண்ணன் யோசித்தார். “நான் அவவின்ர கையைப் பிடிச்சிருப்பன் போல.”

“பொய்” என்றார் மிஸ்.

வாங்கிலிருந்த நாங்கள் எல்லோரும் எங்கள் விரல்களை இரகசியமாக முகர்ந்து பார்த்தோம்.

அந்தச் சொல்லில் கோபம் இருக்காது. தபால் கந்தோரில் முத்திரை குத்துவது போல, பொய் என்று குத்திவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். நாங்கள் சொன்னது உண்மையாக இருந்தால் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த ஆளிடம் போய்விடுவார். இரண்டுக்கும் நடுவில் ‘பாப்பம்’ என்று ஒன்று இருந்தது. யாராவது நீளமாக விளக்கம் சொல்லத் தொடங்கினால், “சொல்லாதை, காட்டு” என்பார். ஆமாம் என்பதற்கு ‘ஓம்’ என்ற சொல் யாழ்ப்பாணத்து ஆட்களின் வாயில் நிமிடத்துக்கொரு தரம் வரும். மிஸ் யாழ்ப்பாணம்தான். அவர் வாயில் அது வந்து நான் கேட்டதில்லை.

என் கையை வெட்டியது டின் மீன். நகரத்தில் அங்கங்கே குண்டு வெடித்து, தெருத்தெருவாகக் கண்ணாடி நொறுங்கிக்கொண்டிருந்த காலம். கையில் கட்டோடு பஸ் ஏறினால் சனம் இரக்கப்பட்டு இடம் தந்துவிட்டு, எந்தக் குண்டு என்று கேட்கும். டின் மீன் மூடி என்றால் அவர்களுக்கு முகம் விழுந்துபோகும். கொடுத்த இடத்தைத் திருப்பிக் கேட்கமுடியாதே என்ற மாதிரிப் பார்ப்பார்கள்.

மிஸ்ஸும் நம்பவில்லை.

“என்னத்தால வெட்டினது?”

“டின் மீன் மிஸ். மூடியத் திருப்புறப்போ வழுக்கிருச்சு.”

“மீனை என்ன செய்தனீங்கள்?”

“அம்மா சமைச்சாங்க. சாப்பிட்டோம்.”

“ரத்தம் பட்டதையோ?”

“கழுவினாங்க மிஸ்.”

மிஸ் என்னை ஒருதரம் பார்த்தார். “பாப்பம்” என்றார். என் கிளினிக் கார்டில், காயத்துக்கான காரணம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் டின் மீன் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் கொழும்பு ஜிந்துப்பிட்டியில், முருகன் கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் பிறந்தவள். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்; ஒழுங்கையில் உயர்தரம் படித்த முதல் ஆளும் நான்தான். யாருக்குக் கடிதம் வந்தாலும், கோர்ட்டிலிருந்து கட்டளை வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் சொன்னால் அதுதான் எழுதியிருக்கிறது. என் சொல்லின் பக்கத்தில் கேள்விக்குறி போட்ட முதல் ஆள் மிஸ்.

அப்பா எந்தக் கடதாசியிலும் பெருவிரலைத்தான் பதித்திருக்கிறார். அவருக்காக யாராவது எழுதுவார்கள், என்ன எழுதினார்கள் என்று அவருக்குத் தெரியாது, பெருவிரலை மையில் தோய்த்து வைப்பார். என் வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் வெட்டுப்பட்டபோது, பல்கலைக்கழகம் போக எழுதுகிற உயர்தரச் சோதனைக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. அனுமதி வாங்கலாம், நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதித் தருவார் என்றார் அதிபர். நான் மாட்டேன் என்றேன். எங்கள் வீட்டுக்கு வேறு ஆட்கள் எழுதித் தந்தது அப்பாவோடு போதும். அதிபர் என்னைத் திமிர் பிடித்தவள் என்றார். இருக்கலாம்.

மிஸ்ஸிடமும் சொன்னேன். “என் கையாலயே எழுதணும் மிஸ்.”

“எழுத்தைப் பிறகு பாப்பம். இப்ப என்னத்தால சாப்பிடுறாய்?”

“கரண்டி. இடது கை.”

அவர் குனிந்து முகர்ந்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளிடம் போனார்.

அது உண்மைதான். அதற்காக வீட்டில் தினமும் சண்டை. “பீச்சாங்கையால சோறு திங்கிறவள எவன்டி கட்டுவான்? குடு, நான் ஊட்டிவிடுறேன்” என்று அம்மா தட்டைப் பிடுங்குவார். நான் பிடுங்கவிடமாட்டேன். இடது கையால் அள்ளியதில் பாதி மடியில் விழும். விழுந்ததைக் கோழி தின்னும். கோழி அந்த மாதம் நன்றாகக் கொழுத்தது.

மூக்கை மட்டும் நம்பியிருந்தவர் அல்லர் மிஸ். மூக்கையும் அவர் முழுதாக நம்பவில்லை. எலுமிச்சம்புளி போட்டுக் கை கழுவிக்கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள். அதனால் பட்டியைக் கட்டி முடித்ததும், பட்டியிலிருந்து பிளாஸ்டிக்குக்குப் போகும்படி பேனையால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார். அவிழ்த்துத் திரும்பக் கட்டினால் கோடு பொருந்தாது. ஒருநாள் என் கோடு பொருந்தவில்லை.

“கழட்டினியா?”

“இல்ல மிஸ்.”

“பொய்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலியால் என்று அவர் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மிஸ் பட்டியை அவிழ்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார், தன் விரலால் அழுத்திப் பார்த்தார். “வீக்கம் வத்தியிருக்கு. பட்டி தளர்ந்து கோடு தள்ளிப்போச்சு” என்று பிளாஸ்டிக்கிடம் சொன்னார். புதிய கோடு இழுத்தார். நான் ஒரு மன்னிப்புக்காகக் காத்திருந்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேலை முடிந்து அவர் வெள்ளவத்தைக்குப் போவார். ஒருமுறை பஸ் தரிப்பில் அவரோடு நின்றேன். வருடக்கணக்காக அவர் போகிற அதே இலக்க பஸ் வந்தது. முன்னால் மூன்று மொழியிலும் போர்டு இருந்தது. மிஸ் கொண்டக்டரிடம் வெள்ளவத்தையா என்று கேட்டார். கொண்டக்டர் தலையாட்டினார். மிஸ் முன்கதவுக்கு நடந்துபோய் சாரதியிடமும் கேட்டுவிட்டு ஏறினார்.

ஸ்பிளின்ட் கழற்ற இன்னும் இரண்டு கிழமை இருந்தபோது, கிளினிக் முடிந்து நான் திரும்பி வந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். பெண்கள் தனி வரிசை. நான் தூசு படாமல் கையைத் துப்பட்டாவால் மூடியிருந்தேன். பெண் பொலிஸ் துப்பட்டாவை விலக்கினார். பிளாஸ்டிக், நைலோன் நூல், கொக்கி, பின், இழுத்துக் கட்டிய ரப்பர். இரண்டு அடி பின்னால் போய், “மொகக்த மே?” என்றார். இது என்ன என்று கேட்கிறார். ஜிந்துப்பிட்டியில் வளர்ந்த எனக்குச் சிங்களத்துக்குக் குறைவில்லை. விளக்கினேன். கழற்று என்றார். கழற்றமுடியாது என்றேன்.

அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் சோதனைச் சாவடியில் சொல்லக்கூடாத வசனங்களில் அது முதலாவது. அரை மணித்தியாலத்தில் நான் பொலிஸ் நிலையத்தில், இன்ஸ்பெக்டர் ஒருவரின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

“நீயே கழற்று. இல்லாவிட்டால் கத்தரிக்கோலால் வெட்டுவோம்.”

“நான் கழற்றினால் உள்ளே அறுந்துவிடும் சேர். நீங்கள் வெட்டினாலும் அறுந்துவிடும். மிஸ் வந்து கழற்றினால் அறாது.”

“எந்த மிஸ்? பெயர் என்ன?”

“தெரியாது. மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.”

அதுவும் உண்மைதான். இன்ஸ்பெக்டர் அதை நம்பவில்லை. கிளினிக் கார்டை நீட்டினேன். மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார்.

“டின் மீன். பக்கத்தில் கேள்விக்குறி.” கார்டை என் பக்கம் திருப்பினார். “உன் மிஸ்ஸே உன்னை நம்பவில்லையே, நங்கி?”

நங்கி என்றால் தங்கச்சி. நாண் அறுந்தால் கை போகும், கை போனால் சோதனை போகும், பிறகு என் வாழ்க்கைக்கும் யாராவது எழுதித்தர நான் பெருவிரல் வைப்பேன். இதையெல்லாம் சிங்களத்தில் சொல்ல எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கார்டில் இருந்த ஆஸ்பத்திரி இலக்கத்துக்கு ஒருதரம் எடுத்துப் பாருங்கள் சேர் என்று மட்டும் கேட்டேன். மேசையில் கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவர் தொலைபேசியை எடுத்தார்.

மிஸ் வெயில் தாழ்ந்த நேரத்தில் குடையோடு வந்தார். வாசலில் நின்ற பொலிஸ்காரரிடம் இதுதானா பொலிஸ் நிலையம் என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தார். அடையாள அட்டை, ஆஸ்பத்திரி அட்டை, வெள்ளவத்தையில் தங்கியிருப்பதற்கான பொலிஸ் பதிவு, எல்லாம் பிரதிகளோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் கைப்பையிலேயே இருந்தன. இன்ஸ்பெக்டர் அட்டையை வாசித்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று வந்ததும் இன்னொரு தடவை வாசித்தார். இப்போது அவரிடம் சந்தேகத்துக்குரியவர்கள் இரண்டு பேர். அன்றுதான் நான் மிஸ்ஸின் முழுப்பெயரைக் கேட்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. மிஸ் அதை யாருக்கும் சும்மா கொடுத்தவரில்லை.

“கழற்றிக் காட்டுங்கள்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“காட்டலாம்” என்றார் மிஸ். அவருடைய சிங்களம் அவருடைய தமிழைப் போலவே நேராக இருந்தது. “எனக்கு மூன்றாவது கை இல்லை. நீங்கள் பிடிக்கவேண்டும். இங்கே, மணிக்கட்டில். இப்படி வளைந்தபடியே இருக்கவேண்டும். நிமிர்ந்தால் உள்ளே அறுந்துவிடும். அறுந்தால் உங்கள் கையில் இருக்கும்போது அறுந்தது என்று நான் எழுதிக் கொடுக்கவேண்டிவரும்.”

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அப்படி இல்லை. முட்டையைப் பிடிப்பதுபோல. மூச்சு விடலாம்.”

அவர் மூச்சு விட்டார். மிஸ் பின்னைக் கழற்றினார், பட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார், கூரையைத் தூக்கி மேசையில் வைத்தார். உள்ளேயிருந்து என் கை வந்தது. தோல் உரிந்து, வெளிறி, பழைய ஈரத்துணியின் வாடையோடு. அறையிலிருந்த பொலிஸ்காரர்கள் எல்லோரும் எட்டிப்பார்த்தார்கள். இன்ஸ்பெக்டரின் நெற்றியில் வியர்த்திருந்தது. அவர் குண்டு பிடித்தவர்களைப் பிடித்திருப்பார், குண்டு பிடிப்பதுபோல ஒரு கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“இது என்ன?”

“சட்டைக் கொக்கி.”

“இது?”

“ரப்பர்.”

“இது?”

“தோல்.”

பிறகு மிஸ் குனிந்து, ஆஸ்பத்திரி வாங்கில் செய்வதுபோலவே, என் விரல் நுனிகளை முகர்ந்து பார்த்தார். இன்ஸ்பெக்டருக்கு விளங்கவில்லை. வெடிமருந்து மணக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்திருக்கவேண்டும். “என்ன மணம்?” என்று மெல்லக் கேட்டார்.

“ஒன்றும் இல்லை” என்றார் மிஸ்.

“அப்படியென்றால் இந்தக் கேள்விக்குறி?”

“அதை நான் எல்லோருக்கும் போடுவேன். நான் யாரையும் நம்புவதில்லை, சோதித்துப் பார்ப்பேன். இவளைக் கிழமைக்கு இரண்டு தரம் சோதித்திருக்கிறேன்.” கூரையைத் திரும்ப என் கையில் வைத்துக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல் சொன்னார்: “எத்த கியன ளமயெக்.”

உண்மை பேசுகிற பிள்ளை. என்னிடம் தமிழில் அவர் ஒருநாளும் சொல்லாததை இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் விளங்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாரா என்று கேட்டால், பாப்பம் என்றிருப்பார்.

பட்டியைக் கட்டிப் பேனையால் கோடு இழுத்த பிறகுதான் இன்ஸ்பெக்டர் கையை எடுத்தார். விரல்களை உதறிக்கொண்டார். நிலையத்துப் பெரியவர் வந்து கையெழுத்து வைக்கவேண்டும், ஒரு மணித்தியாலத்தில் பெண்ணை விட்டுவிடுவோம், மிஸ் நீங்கள் போகலாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மிஸ் சுவரோரத்து வாங்கில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீங்க போங்க மிஸ். இருட்டினா உங்களுக்குத்தான் கஷ்டம். ஒரு மணித்தியாலம்தானே.”

“முந்தியும் ஒருக்கா என்ர வீட்டு வாசல்ல வந்து ஒரு மணித்தியாலம் எண்டுதான் சொன்னவை. என்ர மனுசனைக் கூட்டிக்கொண்டு போகேக்க.” மிஸ் எதிர்ச்சுவரைப் பார்த்தார். “நான் நம்பினனான். வரேக்க சூடாயிருக்கட்டுமெண்டு தேத்தண்ணி வைச்சனான்.”

“பிறகு?” என்றேன்.

“பிறகென்ன. ஆறிப்போச்சு.”

பெரியவர் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. என்னை வெளியே விட்டபோது, விட்டாகிவிட்டதுதானே என்று மிஸ் இன்ஸ்பெக்டரிடம் கேட்டார், வாசலில் நின்ற பொலிஸ்காரரிடமும் கேட்டார். என்னை ஓட்டோவில் ஏற்றி, எங்கள் ஒழுங்கை வாசலில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொள்கிறவரை உள்ளேயே இருந்து பார்த்துவிட்டுப் போனார்.

“யாருடி அது?” என்றார் அம்மா.

“மிஸ்.”

“உள்ள வரச் சொல்லிருக்கலாமே, ஒரு வாய் டீ குடிச்சிருப்பாங்கல்ல.”



கூரையைக் கழற்றிய பிறகும் மிஸ் எனக்குப் பேனை தரவில்லை. விரல்கள் பழைய கதவுக் கீல் மாதிரி இருந்தன. வெந்நீரில் வைத்து, ஒவ்வொரு மூட்டாகப் பிடித்து மடக்கப் பழக்கினார். ஒருநாள் மதியம் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து எனக்கு முன்னால் தள்ளினார். சோறு, பருப்பு, ஒரு முட்டைப் பொரியல்.

“பிசைஞ்சு சாப்பிடு. முதல்ல சோறு, பிறகு பேனை.”

நான் பிசைந்தேன். பாதி விரலிடுக்கில் வழிந்தது. மிஸ் கடைசிப் பருக்கைவரை பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது.

சோதனையை என் கையால் எழுதினேன். கடைசிப் பாடத்தில் எழுத்து கோழி கிளறினது போலாகிவிட்டது. அதுவும் என் கை கிளறினதுதான். பெறுபேறு வந்த கிழமை, தாளை எடுத்துக்கொண்டு பின்கட்டடத்துக்குப் போனேன். வாங்கில் புதிய ஆட்கள் தங்கள் விரல்களை முகர்ந்துகொண்டிருந்தார்கள்.

“எனக்குக் கம்பஸ் அனுமதி கிடைக்கும் மிஸ்.”

“சொல்லாதை, காட்டு.”

தாளை வாங்கி வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்துத் திரும்பத் தந்தார்.

“கையைக் காட்டு.”

பொத்திக் காட்டினேன். ஆட்காட்டி விரல் மட்டும் உள்ளங்கையைத் தொடாமல் கொஞ்சம் முன்னால் நின்றுவிடும், இன்றைக்கும் அப்படித்தான். அவர் அதை அழுத்திப் பார்த்துவிட்டு, பழக்கத்தில் குனிந்து முகர்ந்தார். நான் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

“என்ன கறி?”

“டின் மீன்.”

“ஆர் திறந்தது?”

“நான்தான் மிஸ்.”

மிஸ் நிமிர்ந்தார். என் வலது கை இன்னும் அவர் கைக்குள் இருந்தது.

“ஓம்” என்றார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.